காற்றைக் கேட்டுக் கட்டியவர்கள்

மூலக்குளத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடியேறியபோது வாசலில் மூன்று படிகள் இருந்தன. ஏறி உள்ளே போவோம். அதற்குப் பிறகு சாலைக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். முதல் படி மறைந்தது. சில வருஷங்களில் இரண்டாவது படி மறைந்தது. பிறகு மூன்றாவதும் போயிற்று. இப்போது சாலையிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். எங்கள் வீடு தாழவில்லை, உலகம்தான் உயர்ந்துவிட்டது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரவு பதினொரு மணிக்குக் கூடத்துக்குள் தண்ணீர் வந்தது. நானும் மனைவியும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது வருஷத்துக் கையெழுத்துப் பிரதிகளும் அந்தத் தட்டில்தான் இருந்தன. விடிந்ததும் என் மனைவி சொன்ன முதல் வார்த்தை, “மாடியில் ஒரு அறை போட்டுவிடுங்கள்” என்பதுதான்.

ஓர் இளம் என்ஜினீயரிடம் போனேன். ஒரே மாலையில் வரைபடம் வந்துவிட்டது. மேற்கே சாலையைப் பார்த்தாற்போல் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அதன் மேலே மொட்டையான சிமெண்ட் தளம். அதை எங்கள் மேஸ்திரியிடம் காட்டினேன். வயது எழுபதுக்கு மேலிருக்கும். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகப் பிடித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ஐயா, மேற்கே இம்மாம் பெரிய கண்ணாடி வெச்சா சாயந்தரம் நாலு மணிக்கு இதுக்குள்ள நீங்க எழுத முடியாது. அப்பளம்தான் சுடலாம். அதோட, கீழே இருக்கிறது நஞ்சை மண்ணு. மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். பழைய சுவரு மேலே பாரம் ஏத்தினா சுவரு சொல்லாம கொள்ளாம வாயைத் திறக்கும். டவுனுல கோல்கொண்டான்னு ஆசிரமத்துக் கட்டடம் ஒண்ணு இருக்கே, பார்த்திருக்கீங்களா? எங்க தாத்தா அதுல கலவைச் சட்டி தூக்கினவரு. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

புதுச்சேரியில் இத்தனை காலம் இருந்தும் அந்தக் கட்டடத்தை நான் மதிலுக்கு வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன். அனுமதி பெற்று ஒரு நாள் உள்ளே போனேன். அதன் பிறகு அதன் கதையைத் தேடிப் படித்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஸ்ரீ அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தது 1910-இல். அவருடைய ஆசிரமம் 1926-இல் உருவாயிற்று. முப்பதுகளில் சீடர்கள் பெருகிவிட்டார்கள். பழைய வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தங்க வைத்தும் இடம் போதவில்லை. அவர்களுக்கென்று ஒரு தங்கும் விடுதி கட்டலாம் என்று ஸ்ரீ அன்னை விரும்பினார். சீடர்களில் பவித்ரா என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய இயற்பெயர் பிலிப் பார்பியே சான்-திலேர். என்ஜினீயரிங் படித்தவர், ஜப்பானில் சில காலம் வாழ்ந்தவர். அவர் மூலமாக டோக்கியோவில் இருந்த அந்தோனின் ரேமண்டுக்கு அழைப்புப் போயிற்று. ஹைதராபாத் நிஜாமின் அரசில் உயர் பதவி வகித்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்தது. அந்த நன்றிக்காகத்தான் ஹைதராபாத்தின் வைரச் சுரங்கப் பெயரைக் கட்டடத்துக்கு வைத்தார்கள்.

ரேமண்ட் செக் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய், பிராங்க் லாயிட் ரைட் என்ற மேதையிடம் வேலை பார்த்து, அவரோடு டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டப் போனவர். பிறகு அங்கேயே தனியாகத் தொழில் தொடங்கினார். 1923-இல் டோக்கியோவைப் பூகம்பம் அழித்ததல்லவா? அதற்குச் சில வருஷங்களுக்குள் தமக்கென்று அந்த நகரத்தில் கம்பி போட்ட சிமெண்ட் காங்கிரீட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். நடுங்குகிற பூமியில் வீடு கட்டிப் பழகியவருக்கு, எரிகிற பூமியில் கட்டும்படி அழைப்பு வந்தது.

1935-இல் வரைபட வேலை தொடங்கியது. 1937-இல் அவருடைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் புதுச்சேரி வந்தார்கள். ஒருவர் ஜார்ஜ் நகஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். மற்றவர் பிரான்டிஷெக் சாமர் என்ற செக். பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் பணியாற்றியவர். ரேமண்டும் மனைவி நோயெமியும் 1938-இல் வந்து சில மாதங்கள் தங்கினார்கள். ஆறு மாதத்தில் கட்டடம் முடிந்துவிடும் என்று ரேமண்ட் எண்ணியிருந்தாராம். ஆறு மாதம் பல வருஷங்களாக நீண்டது. வீட்டைக் கட்டிப் பார் என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததை அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் முதலில் கட்டியது கட்டடத்தை அல்ல. மாதிரிக்கு ஓர் அறையை, உண்மையான அளவிலேயே கட்டினார்கள். வெயிலும் காற்றும் அதற்குள் எப்படி வருகின்றன, கதவு எப்படி நகர்கிறது என்றெல்லாம் சோதித்தார்கள். அந்த ஓர் அறை தேறிய பிறகுதான் மற்றவற்றில் கை வைத்தார்கள்.

நம் ஊர் வெயிலின் கணக்கு இதுதான். புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. நடுப்பகலில் சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேலே நிற்கிறான். அப்போது சுவருக்கு அவ்வளவு பயமில்லை, கூரைக்குத்தான் ஆபத்து. காலையில் கிழக்குச் சுவரிலும் மாலையில் மேற்குச் சுவரிலும் அவன் நேராக வந்து மோதுகிறான். ஆகவே கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளமாகப் படுக்க வைத்து, அந்த இரண்டு முனைகளையும் குறுகலாக்கிவிட்டார்கள். நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. வடக்கே நடைபாதை, தெற்கே ஒற்றை வரிசையாக அறைகள். ஓர் அறைக்குப் பின்னால் இன்னோர் அறை கிடையாது. தெற்கே நுழைகிற காற்று அறையைக் கடந்து, நடைபாதையைக் கடந்து, வடக்கே வெளியேறிவிடும்.

கண்ணாடி ஜன்னல் ஒன்றுகூட இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில், தரையிலிருந்து மேலே வரை, குறுக்கே படுத்த அகலமான பலகைகள். ஒரு பித்தளைப் பிடியைத் திருப்பினால் வரிசை முழுவதும் ஒன்றாகச் சாய்கிறது. திறந்தால் காற்று, பாதி திறந்தால் வெயில் இல்லாத வெளிச்சம், மூடினால் மழைக்கு அடைப்பு. அந்தப் பலகைகள் கல்நார் கலந்த சிமெண்டால் செய்தவை. கல்நாரின் தீங்கை இன்று நாம் அறிந்திருக்கிறோம். ஆகையால் அந்தப் பொருளை விட்டுவிட்டு அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அறைக்கும் நடைபாதைக்கும் இடையே தேக்குச் சட்டங்கள் கோத்த நகரும் கதவுகள். காற்று புகும், கண் புகாது.

கூரைக்கு இரண்டு அடுக்கு. சிமெண்ட் தளத்துக்கு மேலே, இடைவெளி விட்டு, வளைந்த காங்கிரீட் ஓடுகளை வார்த்து வைத்திருக்கிறார்கள். வெயிலை அந்த ஓடு வாங்கிக்கொள்கிறது. இடையிலுள்ள காற்று சூட்டைக் கொண்டு போய்விடுகிறது. மனிதன் குடை பிடிக்கிறானே, அதே தத்துவம்தான். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று பிடிகளையும் கீல்களையும் பித்தளையில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து வெளிநாட்டுச் சாமான்கள் நின்றபோது, ஆசிரமத்திலேயே ஒரு பட்டறை வைத்து, பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அவற்றை வார்த்தார்கள். சீடர்களும் கூலியாட்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். மேஸ்திரியின் தாத்தா அவர்களில் ஒருவர்.

இவ்வளவும் சண்டிகர் நகரம் உருவாவதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அறைகளில் குடியேற ஆரம்பித்துவிட்டார்கள். இந்தியாவில் நவீனக் கட்டடக் கலை தொடங்கியது டில்லியிலா, பம்பாயிலா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் சின்ன ஊருக்கும் அந்த விவாதத்தில் ஓர் ஆசனம் உண்டு.

“இதில் என்ன புதுமை? நம் பாட்டனார் வீட்டில் முற்றம் இல்லையா, தாழ்வாரம் இல்லையா, திண்ணை இல்லையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காற்றையும் வெயிலையும் நம் முன்னோர் இதைவிட முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் முற்றம் வைக்க மனை வேண்டும். 30-க்கு 40 அடி மனையில், ஏற்கெனவே ஒரு வீடு நிற்க, அதன் தலைமேல் ஓர் அறை போடுகிறவன் முற்றத்துக்கு எங்கே போவான்? கோல்கொண்டாவில் முற்றம் இல்லை. மாடிக்கு மேல் மாடியாக, நாம் இன்று கட்டுகிற அதே கம்பியையும் சிமெண்டையும் வைத்துக்கொண்டு, முற்றம் செய்த வேலையை அவர்கள் செய்துவிட்டார்கள். என்னைப் போன்றவனுக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

நாவல் எழுதுகிறவனுக்குக் கட்டடத்தைவிடக் கட்டிய மனிதர்களின் மேல்தான் கண் போகும். நகஷிமா இங்கே சம்பளம் வாங்காமல் வேலை செய்தார். ஆசிரமத்தின் சீடராகவே ஆகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அறைகளுக்குத் தேக்கில் கட்டிலும் மேஜையும் வடிவமைத்தார். 1939-இல் விடைபெற்றுக்கொண்டு போனார். ரேமண்டும் அமெரிக்கா திரும்பி, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பண்ணை வாங்கித் தங்கினார். போர் மூண்டது. ஜப்பானிய இரத்தம் ஓடிய குற்றத்துக்காக 1942-இல் நகஷிமாவை மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் அமெரிக்க அரசு அடைத்தது. முள்வேலிக்குள் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் அவர் மரவேலையின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார். 1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்று அவரை விடுவித்து, தம் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் நகஷிமா உலகப் புகழ் பெற்ற மரச்சாமான் கலைஞரானார்.

அதே 1943-இல் ரேமண்ட் இன்னொரு காரியமும் செய்தார். யூட்டா பாலைவனத்தில் டக்வே என்ற இடத்தில், அமெரிக்க ராணுவத்துக்காக ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளின் மாதிரியை வடிவமைத்துக் கொடுத்தார். உண்மையான அளவு, உள்ளே விரிக்கிற பாய் முதற்கொண்டு அப்படியே. எதற்காக? குண்டு போட்டு எரித்துப் பார்ப்பதற்காக. எந்தக் குண்டு எந்தக் கூரையை எவ்வளவு நேரத்தில் பற்ற வைக்கும் என்று சோதிப்பதற்காக. 1945 மார்ச் 9-ஆம் தேதி இரவு டோக்கியோவில் விழுந்த தீக்குண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதர் நிம்மதியாக உறங்குவதற்குப் புதுச்சேரியில் ஒரு மாதிரி அறை. மனிதர் உறங்கும்போதே எரிவதற்கு யூட்டாவில் ஒரு மாதிரி வீடு. இரண்டையும் வரைந்தது ஒரே கை. அவரை ஆயுதமென்று வெறுக்க முயன்றேன். நகஷிமாவை முள்வேலியிலிருந்து மீட்டதும் அந்தக் கைதானே என்று நினைவு வந்தது. ஒரு வீட்டை முழுதும் அறிந்தவனால்தான் அதை நன்றாகக் கட்டவும் முடியும், நன்றாக அழிக்கவும் முடியும். கோல்கொண்டாவின் பெருமை ரேமண்டின் அறிவில் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவசரப்படாமல், அதில் வசிக்கப் போகிறவர்களை நினைத்து, அந்த அறிவைப் பல வருஷம் செலவழிக்க விட்டார்களே, அதில்தான் பெருமை இருக்கிறது.

மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவருடைய முகத்தில் ஜெயித்த சிரிப்பு இருந்தது. என்ஜினீயரையும் வரவழைத்தேன். பிள்ளை நல்ல பிள்ளை, கேட்டுக்கொண்டார். மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். பழைய சுவரின் மேல் பாரம் ஏற்றுவதில்லை. வீட்டுக்கு வெளியே தனியாகத் தூண் நிறுத்தி, அதன் மேல் அறை. உப்பி வெடிக்கிற களிமண்ணுக்கு, ஆழமாகத் துளையிட்டு அடியில் குமிழ் போல் அகன்ற காங்கிரீட் கால்கள். ரூர்க்கியிலுள்ள கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்கென்று வகுத்த முறை அது. மேற்கே வெறும் சுவர்; வடக்கிலும் தெற்கிலும் திறப்பு. கண்ணாடிக்குப் பதிலாகச் சாய்கிற மரப் பலகைகள். இரட்டைக் கூரைக்கு வங்கிக் கடன் இடம் கொடுக்கவில்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்து, அதன் மேல் இரண்டடி உயரத்தில் ஒரு கீற்றுப் பந்தல் போடலாம் என்றார் மேஸ்திரி. ஏழையின் கோல்கொண்டா!

“எத்தனை மாதத்தில் முடியும்?” என்று கேட்டேன்.

“முதல்ல ஒரே ஒரு ஜன்னல் செஞ்சு, உங்க பழைய அறையில மாட்டிப் பார்ப்போம் ஐயா. ஒரு மழை, ஒரு வெயில் போகட்டும். சரியா இருந்தா மத்தது.”

அந்த ஜன்னல் வந்துவிட்டது. பழைய கூடத்துத் தெற்குச் சுவரில், பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டு மாட்டியிருக்கிறோம். ஒரு பலகை மட்டும் கொஞ்சம் இறுகுகிறது. மேஸ்திரி இழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாடிக்கு இன்னும் ஒரு கல்கூட ஏறவில்லை. “எப்போது கிரகப்பிரவேசம்?” என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் விசாரிக்கிறார். என் மனைவி நனைந்து காய்ந்த பிரதிகளை அந்த ஜன்னலருகே பரப்பி, பலகைகளைப் பாதி திறந்து வைக்கிறாள். வெயில் படாமல் காற்று மட்டும் வந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறது.