கரி நூலின் கதை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். பிறருடைய தவறுகளைச் சிவப்பு மையால் திருத்துவதே என் தொழிலாக இருந்தது. இன்று என்னுடைய தவறொன்றைச் சொல்லி இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன்.

நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் நெசவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "துணிக்குத் திசைகள் இரண்டே. நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை" என்று கரும்பலகையில் கோடுகள் வரைந்து காட்டினேன். பின் வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தையார் கைத்தறி நெசவாளர். அவன் தன் கைக்குட்டையை நெடுக்கே இழுத்தான், அது நீளவில்லை. குறுக்கே இழுத்தான், அப்போதும் நீளவில்லை. பிறகு மூலைக்கு மூலை பிடித்து இழுத்தான். துணி இளகி நீண்டு கொடுத்தது. "ஐயா, இந்தச் சாய்விலும் ஒரு நூல் ஓடினால் துணி நீளாதே! ஏன் அப்படி யாரும் செய்வதில்லை?" என்று கேட்டான்.

என்னிடம் விடை இல்லை. இல்லையென்று சொல்லும் துணிவும் இல்லை. "தறியில் ஆகாததைப் பேசாதே, உட்கார்" என்று அதட்டினேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் மறுபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவன் கேட்ட துணி உலகில் உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். இன்று ஆகாய விமானத்திலும் மோட்டார் வண்டியிலும் அது உறுப்பாக அமைந்திருக்கிறது. அதன் நூல் பஞ்சினால் ஆனதன்று, கரியினால் ஆனது. அந்தக் கரி நூலின் வரலாற்றையே இன்று நாம் காணப் போகிறோம்.

கரியை நூலாக்கியவர்கள் முதலில் நாடியது வலிமையை அன்று, ஒளியை. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவரும் அமெரிக்காவில் எடிசனும் மின்விளக்கின் உள்ளே எரிந்து போகாமல் ஒளிரும் இழையைத் தேடினர். 1879-இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கில் வைத்தார். பின்னர் ஜப்பானிலிருந்து மூங்கிலைத் தருவித்துக் கரியாக்கினார். ஸ்வான் ஒரு ரசாயனக் கூழை நுண்ணிய துளைகளின் வழியே பீச்சி இழையாக்கினார். அவ்விழையில் அவர் மனைவியார் பின்னிய துணிகள் 1885-இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. செயற்கைப் பட்டின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் டங்ஸ்டன் என்னும் உலோக இழை விளக்குக்கு வந்தது. கரி இழையை உலகம் ஏறத்தாழ மறந்தது.

அரை நூற்றாண்டு சென்றது. 1958-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், யூனியன் கார்பைடு கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், ரோஜர் பேக்கன் என்னும் இளம் விஞ்ஞானி மிகுந்த அழுத்தத்தில் கரியை மின்வில்லால் உருக்கும் சோதனையில் ஈடுபட்டிருந்தார். அங்கே படிந்த கட்டியினுள் மயிரினும் மெல்லிய இழைகள் இருக்கக் கண்டார். சோதித்தபோது அவற்றின் வலிமை எஃகின் வலிமையைப் பன்மடங்கு விஞ்சியது. 1960-இல் அவர் அதனை உலகுக்கு வெளியிட்டார்.

இங்கே ஒரு வினா எழும். பென்சிலில் உள்ளதும் கரிதானே. அது தாளில் தேய்ந்து போகிறதே, அதற்கு வலிமை ஏது? பென்சில் கரியின் அணுக்கள் தகடு தகடாக அமைந்தவை. தகட்டுக்குள் அணுக்களின் பிணைப்பு மிக உறுதியானது; தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள பிணைப்போ மிகத் தளர்ந்தது. ஆகவே தகடுகள் வழுக்கித் தாளில் படிகின்றன. அத்தகடுகளை எல்லாம் ஓர் இழையின் நீளவாக்கில் அடுக்கிவிட்டால், இழுப்பவன் அந்த உறுதியான பிணைப்புடனேயே போரிட வேண்டும். வலிமையின் மறைபொருள் இதுவே.

இவ்வாறு அடுக்கும் மலிவான வழியைக் காட்டியவர் ஜப்பானில் ஒசாகா அரசினர் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அகியோ ஷிண்டோ. கம்பளிக்கு மாற்றாகப் பயன்படும் அக்ரிலிக் இழையிலிருந்து கரி இழையை உண்டாக்கலாம் என்று அவர் 1961-ஐ ஒட்டி எடுத்துரைத்தார். இழை முதலில் காற்றில் இருநூறு முதல் முந்நூறு டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றப்படும். வெள்ளை இழை கறுக்கும். பின்னர், ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜன் வாயுவில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றினால் மற்றப் பொருள்கள் வாயுவாகிப் போகும், கரி எஞ்சும். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் வாட், லெஸ்லி பிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் 1960-களின் நடுவில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தனர். காற்றில் சூடேறும்போது இழை சுருங்கப் பார்க்கும். அதனைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்திருந்தால் உள்ளமைப்பு நேராகி வலிமை மிகும் என்று கண்டனர். இவ்வாறு கிடைக்கும் இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து முதல் ஏழு பங்கு. எடையோ, அதே கன அளவுள்ள எஃகின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

வெற்றி வந்தவுடன் ஆசையும் விரைந்தது. ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி, தன் ஆர்.பி.211 என்னும் விமான யந்திரத்தின் விசிறி அலகுகளைக் கரி இழையால் செய்ய முனைந்தது. பறக்கும் விமானத்தில் பறவை மோதினால் அலகு தாங்குமா என்று 1970-இல் சோதித்தனர். தாங்கவில்லை, அலகு சிதறியது. கம்பெனி டைட்டேனியம் உலோகத்துக்குத் திரும்பியது. அந்த யந்திரத்தின் செலவுகள் பல வகையிலும் பெருகிப்போக, 1971 பிப்ரவரி 4-ஆம் நாள் கம்பெனி நொடித்தது. அரசாங்கம் அதனை ஏற்று நடத்த நேர்ந்தது. அதே 1971-இல்தான் ஜப்பானில் டோரே கம்பெனி கரி இழையை வாணிக அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கரி இழை தன் நீளவாக்கில் மட்டுமே பெருவலி படைத்தது. குறுக்கே வரும் விசையைத் தாங்கும் பொறுப்பு, இழைகளை ஒட்டியிருக்கும் பிசினின் மேல் விழுகிறது. விமான இறக்கையோ ஒரு திசையில் மட்டும் இழுபடுவதன்று. அது வளையும், முறுக்குண்ணும். ஆகவே பல திசைகளிலும் இழை வேண்டும்.

சரி, தறியில் நெய்துவிடலாமே என்பீர்கள். நெய்தார்கள், இன்றும் நெய்கிறார்கள். ஆனால் நெசவில் ஒவ்வொரு நூலும் மற்றொரு நூலின் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. பருத்திக்கு அது குறையன்று. நேராக இருந்தால்தான் வலிமை என்னும் கரி இழைக்கோ ஒவ்வொரு நெளிவும் ஓர் இழப்பு. அதன்றி, என் மாணவன் கைக்குட்டையில் காட்டியபடி, சாய்வுத் திசையில் நூலே இல்லை. முறுக்கு விசையைத் தாங்குவதற்கு அந்தச் சாய்வு இழையே இன்றியமையாதது.

இதற்கு விடை நெசவாலையிலிருந்து வரவில்லை, தையலிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் லிம்பாக் என்னும் ஊரில் ஹைன்ரிஹ் மவுர்ஸ்பெர்கர் என்பவர் வாழ்ந்தார். மனைவி துணி தைப்பதைப் பார்த்தபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது என்பர். நூல்களை ஒன்றோடொன்று கோத்து நெய்வானேன்? ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பி, மூன்றாவது நூலால் தைத்துவிட்டால் போதாதா? 1949-இல் அவர் இதற்குக் காப்புரிமை கோரினார். தம் பெயர், ஊர்ப்பெயர், மோல்டன் என்னும் தடித்த துணியின் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து அம்முறை 'மாலிமோ' எனப் பெயர் பெற்றது. வீட்டுத் துணிகளுக்காகப் பிறந்த அந்த எண்ணம், பிற்காலத்தில் கண்ணாடி இழைக்கும் கரி இழைக்கும் கைகொடுத்தது.

இன்றைய பல்திசைத் துணி யந்திரத்தை மனக்கண்ணால் காணுங்கள். இரு பக்கமும் ஊசிமுனைகள் பதித்த இரண்டு சங்கிலிகள் முன்னோக்கி நகர்கின்றன. ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கரிக் கற்றைகள், முதலில் மெல்லிய பட்டையாகப் பரப்பப்படுகின்றன. யந்திரக் கைகள் அப்பட்டைகளை ஒரு சங்கிலியிலிருந்து மறு சங்கிலிக்குக் கொண்டு சென்று பதிக்கின்றன. ஓர் அடுக்கு நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், அடுத்தது எதிர்ச் சாய்வில், மற்றொன்று நேர்க்குறுக்கில். வேண்டுமானால் நெடுக்கிலும் ஓர் அடுக்கு சேரும். இறுதியில் வரிசையாக நிற்கும் ஊசிகள் மெல்லிய பாலியெஸ்டர் நூலால் அடுக்குகள் அனைத்தையும் பின்னிச் சேர்க்கின்றன. எந்தக் கரி இழையும் மேலும் கீழும் ஏறி இறங்குவதில்லை. ஊசி நுழையும் இடத்தில் இழைகள் சிறிது விலகும். அவ்விடைவெளியில் பிசின் தேங்கும். அதனைக் குறைப்பதே இத்தொழிலாளரின் ஓயாத கவலை. இத்துணியை வெட்டி, அச்சில் வைத்து, பிசினைச் செலுத்திச் சூட்டில் இறுகச் செய்தால் உறுப்பு தயார்.

2005-இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பின்புற அழுத்தத் தடுப்பு, இத்தகைய துணியால் ஆனது. பயணிகள் இருக்கும் பகுதியின் காற்றழுத்தத்தைக் காத்து நிற்பது அதுவே. 2013-இல் பி.எம்.டபிள்யூ கம்பெனி ஐ3 என்னும் மின்சார வண்டியை வெளியிட்டது. அதன் அக்ரிலிக் இழை ஜப்பானில் ஒட்டாகே நகரில் பிறந்து, அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் நீர்மின்சாரத்தால் கரியாகி, ஜெர்மனியின் வாக்கர்ஸ்டார்ஃபில் துணியாகி, பின் வண்டிக் கூடாயிற்று. கரி இழையைச் சுட மின்சாரம் மிகுதியாக வேண்டும். அதனாலேயே நீர்மின்சாரத்தைத் தேடி இழை அவ்வளவு தூரம் சென்றது. 2022-இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது. அதில் கற்ற பாடங்கள் நின்றுவிடவில்லை. பறவை மோதித் தோற்ற விசிறி அலகும் அப்படியே: 1995-இல், விளிம்பில் டைட்டேனியம் காப்புடன் கரி இழை அலகுகள் ஜி.இ.90 யந்திரத்தில் பணிக்கு வந்தன.

மாணவர்களே, இவ்வரலாற்றில் ஒவ்வொரு படியும் ஒரு கேள்வியால் ஏறியது. நெய்யாமல் தைத்தால் என்ன என்று மவுர்ஸ்பெர்கர் கேட்டபோது, அவரை ஒருவர் அதட்டி உட்கார வைத்திருக்கலாம். என் வகுப்பில் நான் அதைத்தான் செய்தேன். அந்த மாணவன் இப்போது நடு வயதைக் கடந்திருப்பான். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களும் கேள்வி கேட்கலாம். இவ்வுரை அவன் காதில் விழுமானால், அவனுக்கு நான் சொல்ல வேண்டியது இது: தம்பி, அன்று உன் கேள்வி சரியானது, என் விடைதான் தவறு.