கணையப் புற்றுநோய்: இளையோரும் முதியோரும்



இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் உறுப்பு கணையம். அதன் நீளம் ஒரு சாண்கூட இராது. உணவு செரிக்கச் சாறு சுரப்பதும், இரத்தச் சர்க்கரையை அடக்கும் இன்சுலினைத் தருவதும் அதுவே. ஆழத்தில் மறைந்திருக்கும் இவ்வுறுப்பில் தோன்றும் புற்றுநோயும் நெடுநாள் மறைந்தே வளர்கிறது. அந்நோயை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றை இன்று காண்போம்.

1642-ஆம் ஆண்டில், இத்தாலியின் பதுவா நகரில் விர்சுங் என்பவர் கணையத்தின் நடுவே ஓடும் குழாயைக் கண்டறிந்தார். அதே நகரில் பேராசிரியராக இருந்த மொர்காக்னி, இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1761-இல் வெளியிட்ட பெருநூலில் கணையக் கட்டிகளைப் பற்றியும் எழுதினார். ஆனால், உயிர் போன பிறகு கண்டறிந்து என்ன பயன்? நோயாளியைக் காப்பாற்ற வழி பிறக்கவில்லை.

1909-இல் ஜெர்மானிய மருத்துவர் கௌஷ், கணையத்தின் தலைப்பகுதியை அறுத்தெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். 1935-இல் நியூயார்க்கில் விப்பிள் என்பவர் அம்முறையைச் செப்பனிட்டார். இன்றும் அந்த அறுவைக்கு அவர் பெயரே வழங்குகிறது. முதல் சில பத்தாண்டுகளில் அறுவை செய்துகொண்டோர் பலர் மருத்துவமனையிலேயே மாண்டனர். இன்றோ தேர்ந்த மருத்துவமனைகளில் அவ்வாறு இறப்போர் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவே.

இந்நோய் பெரும்பாலும் 60 வயதைக் கடந்தோருக்கே வருகிறது. 50 வயதுக்கு உட்பட்டோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்தாம். அப்படியானால் இளையோர் எளிதில் பிழைத்துவிடுவார்களா? அண்மைக் கால வரலாற்றில் இருவரைப் பார்ப்போம்.

ரேண்டி பாஷ் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2006-இல் இந்நோய் கண்டபோது அவருக்கு வயது 45. விப்பிள் அறுவையும் கடுமையான சிகிச்சையும் பெற்றார். ஆயினும் நோய் கல்லீரலுக்குப் பரவியது. 2008-இல், மூன்று சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு, 47 வயதில் மறைந்தார்.

ரூத் பேடர் கின்ஸ்பர்க் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. 1999-இல் குடல் புற்றுநோயிலிருந்து மீண்டவர். அதன்பின் தவறாமல் உடற்பரிசோதனை செய்துவந்தார். 2009-இல் அத்தகைய பரிசோதனையில்தான் கணையக் கட்டி சிறியதாக இருக்கும்போதே அகப்பட்டது. அப்போது அவருக்கு வயது 75. அறுவைக்குப் பின் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்து, 2020-இல் 87 வயதில் மறைந்தார்.

இருவரைக் கொண்டு எல்லாரையும் அளந்துவிட முடியாது. எனினும் நோய் எந்தக் கட்டத்தில் அகப்பட்டது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. இளையோரின் இதயமும் எலும்பும் உறுதியானவை. 2011-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பயன் காட்டிய நான்கு மருந்துகளின் கூட்டுச் சிகிச்சையைத் தாங்கும் வலு முதியோரைவிட இவர்களுக்கே அதிகம். ஆனால் இளவயதில் வயிற்று வலியை வாயுக்கோளாறு என்றும், முதுகு வலியை வேலைக் களைப்பு என்றும் எண்ணி நாள் கடத்துகிறோம். நோய் முற்றிய பின்னரே பலர் மருத்துவரிடம் வருகின்றனர். வலு இருந்தும் வாய்ப்புப் போய்விடுகிறது.

இளையோர் சிலருக்குப் பரம்பரையும் காரணம். 1995-இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணுக் கோளாறு, மார்பகப் புற்றுநோயோடு கணையப் புற்றுநோயையும் ஒரே குடும்பத்தில் கொண்டுவரலாம். புகைபிடித்தல் எந்த வயதிலும் ஆபத்தைக் கூட்டும்.

நேயர்களே! கண்ணும் தோலும் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது நம் தோட்டப்புறங்களில் பழைய வழக்கம். காமாலை எல்லாம் புற்றுநோய் அல்ல. இளையோருக்குக் கல்லீரல் அழற்சியே பெரும்பாலும் காரணம். எந்தக் காமாலை என்பதைச் சொல்ல இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடல் மெலிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஐம்பதைக் கடந்தவருக்குத் திடீரென இனிப்புநீர் கண்டு, உடலும் இளைத்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் மறைக்காமல் கூறுவோம்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் தேடித் தந்த அறிவு, நாம் காலத்தோடு மருத்துவமனைப் படியேறினால்தான் நமக்குப் பயன்படும். இளைஞர் ஒருவர் படுத்துவிட்டால் ஒரு குடும்பமே படுத்துவிடும் என்பதை நாம் அறிவோம் அல்லவா?