நண்பகல் ஐந்து மணி!

வாசகர்களே, இரண்டு செய்திகள். ஒன்று மெய், மற்றொன்று கேலி.

முதலாவது: ஆஸ்திரேலியா ‘மெட்ரிக் நேர’த்துக்கு மாறுகிறது. இனி நிமிடத்துக்கு 100 வினாடி, மணிக்கு 100 நிமிடம், நாளுக்கு 20 மணி. இரண்டாவது: பிரான்சில் நாளுக்குப் பத்தே மணி என்று ஆணை, நண்பகலில் மணி ஐந்து!

இரண்டாவதைத்தானே கேலி என்கிறீர்கள்? அதுதான் மெய். 1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பிறப்பித்த ஆணை அது.

முதலாவது, 1975 ஏப்ரல் முதல் நாள் அந்நாட்டுத் தொலைக்காட்சி செய்த குறும்பு. நம்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1966இல் நாணயமும், 1974இல் சாலைப் பலகைகளின் மைல் கணக்கும் அங்கே உண்மையாகவே மாறியிருந்தன. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 2,00,000 வினாடி வருகிறது. நம் நாளுக்கோ 86,400. வினாடி பாதிக்கும் கீழே சுருங்கவேண்டும். அந்த வினாடியோ, 1960இல் உலக நாடுகள் கூடி வகுத்த மெட்ரிக் அலகு முறையில் அடிப்படை அலகு. மெட்ரிக்கில் இருப்பதை மெட்ரிக்காக மாற்றுவானேன்?

1793இல் இந்தத் தடை இல்லை. ஆனாலும் மக்கள் பழைய கடிகாரத்தை விடவில்லை. 1795 ஏப்ரல் 7ஆம் நாள் வந்த சட்டம் பத்து மணி நாளை நிறுத்திவைத்தது. மீட்டர், லிட்டர், கிராம் ஆகியவற்றை வகுத்துத் தந்ததும் அதே சட்டந்தான்.