பதினாறில் ஒரு பங்கு நிலமும் பச்சிலை உணவும்

கீரை உண்ணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படையில் வரும் கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புமின்றி அவித்து, பிறர் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். இக்காட்சி இரண்டு செய்திகளை உணர்த்துகின்றது. ஒன்று, நிலமில்லார்க்குக் கிடைத்தது தானே முளைத்த கீரை. மற்றொன்று, தமிழர் அதனை வேகவைத்தே உண்டனர். மலாயாவுக்கு வந்த தமிழர் வாழ்வில் இவ்விரண்டுமே மாறுதல் பெற்றன.

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில் உள்ளது செமினி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வட்டாரம் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்ததாயிற்று. கங்காணிகள் வழியே வந்த தமிழர் பலர் இத்தகைய தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, தொழிலாளர் சட்டம் அவர்கட்கு ஓர் உரிமையை வகுத்திருந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவர்க்கும், பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே அது. அஃதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி.

சிறு நிலமாயினும் அதற்கேற்ற செடிகள் தமிழரிடம் இருந்தன. முருங்கைக் கிளையை வெட்டி ஊன்றினால் தழைக்கும். புதினா தண்டிலிருந்து வேர்விடும். கறிவேப்பிலை பக்கக் கன்றுகளால் பெருகும். இவற்றுக்கு விதை வாங்கும் செலவில்லை. வல்லாரையோ இம்மண்ணில் முன்னரே இருந்தது. மலாய்க்காரர் அதனைப் 'பெகாகா' என்பர்.

அவர்கள் அதனை வேகவைப்பதில்லை. பெகாகா, உலாம் ராஜா முதலிய தழைகளைப் பச்சையாகவே சம்பலில் தொட்டுச் சோற்றுடன் உண்பர். இவ்வுணவுக்கு 'உலாம்' என்று பெயர். இரயில்வே பணிக்கு வந்து பிரிக்பீல்ட்சு பகுதியில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர்க்கும் பச்சை வல்லாரை பழகியதே. பொடியாக அரிந்த இலையுடன் தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தால் வல்லாரைச் சம்பல் ஆயிற்று. இலையிலுள்ள உயிர்ச்சத்து 'சி' வேகும்போது பெரிதும் குறைந்துவிடும். பச்சையாக உண்பதில் அது காக்கப்படுகின்றது.

ஆயினும் இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வல்லாரை ஈரம் நாடும் கொடி. வடிகால் ஓரத்திலும் செழித்து வளரும். அழுக்கு நீர் பாயும் இடத்தில் பறித்ததைப் பச்சையாக உண்பது நோய்க்கு வழி. அவித்து உண்பார்க்குக் குப்பைமேட்டுக் கீரையும் உதவலாம். பச்சையாக உண்பார்க்கு விளைந்த மண்ணும் பாய்ந்த நீரும் தெரிந்திருத்தல் வேண்டும். எனவே, பச்சடிக்குரிய இலை தன் கொல்லையில் விளைவதே சிறப்பு. நிலம் இருந்தாலன்றி அவ்வுணவு நிலைபெறாது.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-45) அரிசி வரத்துக் குன்றி, மக்கள் மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழ்ந்தபோது, கைப்பிடி நிலத்தின் அருமை நன்கு விளங்கிற்று. ஆனால் அந்நிலம் வேலையோடு ஒட்டியது, பட்டாவோடு வந்ததன்று. 1950களில் தோட்டத் துண்டாடல் பரவியது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீசு விரிவாக ஆய்ந்துள்ளார். பின்னாளில் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. வேலை போயிற்று; லயம் போயிற்று; கொல்லையும் உடன் போயிற்று.

இன்று செமினியில் வீடமைப்புப் பகுதிகள் பெருகியுள்ளன. 2005 முதல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் அங்கு இயங்குகின்றது. பழைய கொல்லைக்கு ஈடான நிலம் இனி எளிதில் கிடைப்பதற்கில்லை. எனினும், வல்லாரைக்கும் புதினாவுக்கும் அகன்றதொரு தொட்டியே போதும். முன்னோர் 16இல் ஒரு பங்கில் பேணிய பச்சிலையை வீட்டு வாயிலில் வளர்ப்பவர், ஒரு கறியை மட்டுமன்று, ஓர் உரிமையின் வரலாற்றையும் நினைவில் வைத்தவர் ஆவர்.