பூட்டி வைத்த குரல்

அப்பா இறந்த அடுத்த வருஷம், அவர் பாடிய சிடியைப் பீரோவிலிருந்து எடுத்தேன். 2004இல் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது. ஒரு கீறல்கூட இல்லை. டிரைவில் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றி முனகிவிட்டு, சிடியே இல்லை என்றது.

சிடி அழியாது என்று நம்பித்தானே கேசட்டையெல்லாம் தூக்கிப் போட்டோம்? ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சிடி, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிற முறை. அதாவது சிடியும் டிஜிட்டல்தான். ‘சிடியா, டிஜிட்டலா’ என்று சண்டை போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதே எண்களை ஃப்ளாக் கோப்பாக மாற்றினால் ஒரு பிட்கூடக் குறையாது. ஒலியும் அதேதான்.

வித்தியாசம் எம்பி3யில் வந்தது. ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர், காது கவனிக்காது என்று கணித்த ஒலிகளைக் கழித்துவிட்டார்கள். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3யில் இருப்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு.

சரி, ஆயுள்? கம்பெனி அச்சடித்த சிடியில் பாட்டு, பிளாஸ்டிக்கில் பதிந்த நுண்பள்ளங்களாக இருக்கிறது. சின்னக் கீறல் விழுந்தாலும், 1960இல் ரீடும் சாலமனும் வெளியிட்ட பிழைதிருத்தக் கணிதம் விட்டுப்போன எண்களை மீட்டுவிடும். கடையில் ‘ரைட்’ பண்ணித் தந்த சிடியில் பள்ளம் கிடையாது. லேசர் சுட்ட சாயம்தான். வெயிலும் வெக்கையும் பட்டால் சாயம் மங்கும். அப்பாவின் சிடி அந்த ரகம். பெரும்பகுதி எண்களே போனபின் எந்தக் கணிதமும் உதவாது.

அப்போ கோப்புதான் பத்திரமா? சர்வர் மாற்றியதில், ஜனங்கள் 12 வருஷமாக ஏற்றிய பாட்டுகள் தொலைந்துவிட்டதை 2019இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது.

கடைசியில் அத்தை மகன்தான் சொன்னான், “மாமா பாட்டா? எங்கிட்ட இருக்கே மச்சான்.” ஊரில் யாரோ ஒருவர் எம்பி3யாக மாற்ற, புளூடூத்தில் நாலு போன் தாண்டி அவனிடம் வந்திருந்தது. சுருதிப்பெட்டி நீருக்கடியில் ஒலிப்பதுபோல் மழுங்கியிருக்கிறது. குரல் இருக்கிறது.

ஆபீஸில் பேக்கப் பற்றி எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவன் நான். சிடியைப் பூட்டி வைத்தேன். அவர்கள் காப்பி எடுத்தார்கள். இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மூன்றையும் திறந்து, முழுசாகக் கேட்டுப் பார்க்கிறேன்.