ட்ரோன் படங்களால் பழமரங்களை அளத்தல்

பழத்தோட்டத்தின் மேல் தாழப் பறக்கும் ஆளில்லா வானூர்தி, அதாவது ட்ரோன், எடுக்கும் ஒளிப்படங்களிலிருந்து ஒவ்வொரு மரத்தின் உயரம், கவிகையின் பரப்பு, கன அளவு ஆகியவற்றைக் கணித்தறியும் முறை இது. கவிகை என்பது அடிமரத்துக்கு மேலே கிளைகளும் இலைகளும் குடைபோல் விரிந்து நிற்கும் பகுதி. அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஒரு நாளில் சில நூறு மரங்களையே அளக்க முடியும். ட்ரோனோ சில ஹெக்டேர் தோட்டத்தை அரை மணி நேரத்துக்குள் படம் பிடித்துவிடும். ஆனால் அந்தப் படங்கள் தாமாக எந்த அளவையும் சொல்வதில்லை. அளவுகள் பின்னர் கணினியில்தான் பிறக்கின்றன.

மரத்தை அளப்பதற்கான தேவை ட்ரோனுக்கு மிக முந்தையது. பூச்சிமருந்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று தெளிப்பது நெல்லுக்குப் பொருந்தும். நிலத்தைவிட இலைப்பரப்பே மருந்தை ஏற்கும் பழத்தோட்டத்துக்கு அது பொருந்தாது. இதனால் 1970களில் அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில், மரவரிசையை ஒரு நீண்ட பச்சைச் சுவராகக் கருதி அதன் கன அளவுக்கேற்ப மருந்தின் அளவைக் கணக்கிடும் வழக்கம் உருவாகத் தொடங்கியது. 3 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள வரிசைகள் 4 மீட்டர் இடைவெளியில் நின்றால், ஒரு ஹெக்டேரில் உள்ள மரச்சுவரின் கன அளவு 15,000 கனமீட்டர் ஆகும். இந்தக் கணக்கு தோட்டம் முழுவதற்கும் ஒரே சராசரியைத் தருகிறது. ட்ரோன் அதையே மரத்துக்கு மரம் பிரித்துக் காட்டுகிறது.

இம்முறையின் அடிப்படை, ஒரே பொருளை வெவ்வேறு இடங்களிலிருந்து பார்க்கும்போது அதன் தோற்றம் இடம் மாறுவதிலிருந்து அதன் தொலைவைக் கண்டறிவதாகும். நகரும் பார்வையிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுக்க முடியும் என்பதை ஷிமோன் உல்மன் 1979இல் கணித முறையில் விளக்கினார். வெவ்வேறு படங்களில் ஒரே புள்ளியைக் கணினி தானாக அடையாளம் காணும் வழியொன்றை டேவிட் லோ 1999இல் வெளியிட்டார். இவ்விரு கருத்துகளும் இணைந்தே இன்றைய மென்பொருள்களுக்கு வழியமைத்தன. ட்ரோன் நேர்கோடுகளில் முன்னும் பின்னுமாகப் பறந்து, அடுத்தடுத்த படங்கள் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தால், தரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே கோட்டிலேயே ஐந்து படங்களில் இடம்பெறும். அவற்றைப் பொருத்திப் பார்க்கும் கணினி, இலைகளும் மண்ணும் பல லட்சம் புள்ளிகளாகத் தம் தம் இடத்தில் மிதப்பதுபோன்ற ஒரு புள்ளித்திரளை உருவாக்கித் தருகிறது. படத்தின் நுட்பம் பறக்கும் உயரத்தைப் பொறுத்தது: 8.8 மில்லிமீட்டர் குவியத்தொலைவும் 2.4 மைக்ரான் அகலமுள்ள படப்புள்ளிகளும் கொண்ட கேமரா 40 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ 1.1 சென்டிமீட்டரைக் குறிக்கும்.

புள்ளித்திரளின் மேற்பரப்பு உயரத்திலிருந்து வெறுந்தரையின் உயரத்தைக் கழித்தால் மரங்களின் உயரம் மட்டும் எஞ்சும். வண்ணத்தை மட்டும் நம்பியவர்கள் வரிசைகளுக்கிடையே முளைத்த களையையும் மரமாக எண்ணி ஏமாந்த இடத்தில், இந்தக் கழித்தல் பெரிதும் உதவியது. இரண்டும் ஒரே பச்சையாயினும் களை முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஆனால் கவிகைகள் ஒன்றோடொன்று கூடி நிலமே தெரியாதபடி மூடிய தோட்டத்தில் கழிப்பதற்குத் தரை கிடைப்பதில்லை. ஒரு மரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதும் ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 100 மரங்கள் நின்ற பழைய மாந்தோப்பில் எழாத இச்சிக்கல், 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் 1,666 மரங்கள் நிற்கும் அடர்நடவுத் தோப்பில் எழுகிறது.

இத்துறையின் முன்னோடி ஆய்வுகள் பல தென் ஸ்பெயினின் கோர்டோபா நகரைச் சுற்றியுள்ள ஆலிவ் தோட்டங்களில் நடந்தவை. அங்குள்ள நிலையான வேளாண்மை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சார்கோ-தெஹாதா குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான இறக்கை கொண்ட ஒரு சிறு வானூர்தியில் சந்தையில் கிடைக்கும் கேமராவைப் பொருத்தி, 1.16 முதல் 4.38 மீட்டர் வரை உயரமுள்ள மரங்களை அளந்தனர். பிழை சராசரியாக 35 சென்டிமீட்டராக இருந்தது. படப்புள்ளி 5 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டர் வரை பெரிதானபோதும் முடிவு அதிகம் கெடவில்லை என்பதும், அதைக் கடந்ததும் விரைவாகச் சரிந்தது என்பதும் அவ்வாய்வின் பயன்மிக்க கண்டுபிடிப்புகள். அதே நிறுவனத்தின் மற்றொரு குழு பின்னர் கவாத்துக்கு முன்னும் பின்னும் மரங்களைப் படமெடுத்து, கையால் வெட்டுவதும் எந்திரத்தால் வெட்டுவதும் கவிகையை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஒப்பிட்டது.

35 சென்டிமீட்டர் என்ற எண்ணை எளிதாகக் கடந்துவிடலாகாது. ஒரு மரம் ஓராண்டில் வளரும் உயரத்தை அது முழுவதுமாக மறைத்துவிடக் கூடும். ஆகவே தனி மரத்தின் வளர்ச்சியை இவ்வகைத் துல்லியத்தில் ஆண்டுதோறும் பின்தொடர்வது வீண் முயற்சி. நூறு மரங்களின் சராசரியை எடுத்தால் தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று தணித்துவிடும், ஆனால் ஒரே பக்கம் சாயும் பிழைகள் அவ்வாறு தணியா. கேமராவை எப்போதும் நேர்கீழாக வைத்து இணைகோடுகளில் பறக்கும்போது லென்சின் கோணல் முழுவதும் திருத்தப்படாமல், தட்டையான நிலம் நடுவில் மேடாகவோ குழியாகவோ வளைந்து தோன்றுவது அத்தகைய பிழை. சாய்கோணத்தில் சில படங்களைச் சேர்த்தால் இது பெரிதும் குறையும் என்று ஜேம்ஸும் ராப்சனும் 2014இல் காட்டினர். இடம் துல்லியமாக அளக்கப்பட்ட அடையாளப் பலகைகளைத் தரையில் வைப்பதும் இதற்காகவே. கொழுந்துக் கிளைகளின் மெல்லிய நுனி காற்றில் அசைந்து படத்துக்குப் படம் இடம் மாறுவதால் கணினியால் பொருத்தப்படாமல் விடுபடுகிறது. மரம் உண்மையைவிடக் குட்டையாகத் தெரிகிறது. இலையுதிர்த்த ஆப்பிள், செர்ரி மரங்களில் இக்குறை மேலும் பெரிது.

கன அளவைப் பொறுத்தவரை பிழையைவிட வரையறையே பெரிய சிக்கல். கவிகையின் மேல் துணியை இறுகப் போர்த்தியதுபோல் வெளிப்புறத்தை மூடிக் கணக்கிட்டால் கிளைகளுக்கிடையே உள்ள வெற்றிடமும் அளவில் சேர்ந்துவிடும்; சிறு கனசதுரங்களாகப் பிரித்து இலையுள்ளவற்றை மட்டும் எண்ணினால், மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரியாத உட்பகுதி விடுபட்டுவிடும். இரண்டு முறைகளும் ஒரே மரத்துக்கு இருவேறு எண்களைத் தருவதால், எந்த முறை என்று சொல்லாத கன அளவுக்கு மதிப்பில்லை. லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை அளக்கும் லைடார் கருவி இலையிடுக்குகளின் வழியே ஓரளவு ஊடுருவுகிறது, விலையோ கேமராவைவிடப் பல மடங்கு. உட்பகுதி தெரியாத இதே காரணத்தால், கிளைக்குள் மறைந்த பழங்களையும் மேலிருந்து பறக்கும் கேமராவால் எண்ண முடிவதில்லை.

அளவுகளோடு மரத்தின் நிலையையும் அறிய வேறு கேமராக்கள் பயன்படுகின்றன. நலமுள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி அண்மை அகச்சிவப்பைத் திருப்பியனுப்புவதால், இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமையின் குறியீடு கிடைக்கிறது. நீர் குறைந்த மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் இலை சூடாகிறது. இதைக் கொண்டு நீர்ப்பற்றாக்குறையை அளக்கும் குறியீட்டை அமெரிக்காவின் அரிசோனாவில் இட்ஸோ, ஜாக்சன் ஆகியோர் 1981இல் வகுத்தனர்.

இந்தியாவில் இப்பணி 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்கு உட்பட்டது. பச்சை மண்டலம் என வரையப்பட்ட பகுதிகளில் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் வரை முன்னனுமதியின்றிப் பறக்கவிடலாம். தோட்ட அளவைக்கு வேண்டிய உயரம் பெரும்பாலும் அதன் பாதிக்குள் அடங்கிவிடுகிறது.