குற்றத்தைக் குறைத்தது லத்தியா, கார் சாவியா?

எங்கள் பகுதியில் காலனிக்குள் நுழையும் முனையில் போன வருடம் ஒரு சிசிடிவி கேமரா மாட்டினார்கள். ஊர்த் தெருவுக்குள் ஒன்றுகூட இல்லை. எங்கள் பிள்ளைகள் பைக்கில் உள்ளே வருவதும் வெளியே போவதும் மட்டும் பதிவாகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, கேமரா, செல்போன், கம்ப்யூட்டர்னு வந்த பிறகு அமெரிக்காவுல எல்லாம் குற்றம் பாதியா கொறஞ்சிருச்சுன்னு படிச்சேன். அப்ப நமக்கும் நல்லதுதானே?"

அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவன் படித்ததில் பாதி உண்மை. குற்றம் குறைந்தது உண்மை, அதில் தொழில்நுட்பத்துக்குப் பங்கு இருப்பதும் உண்மை. ஆனால் எந்தத் தொழில்நுட்பம், பெயரை யார் தட்டிக்கொண்டார்கள், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

1990இல் நியூயார்க் நகரத்தில் மட்டும் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. இனி இது ஏறிக்கொண்டேதான் போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1995இல் ஜான் டியூலியோ என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் 'சூப்பர் பிரிடேட்டர்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். மனசாட்சியே இல்லாத, கொல்லத் தயங்காத ஒரு சிறுவர் தலைமுறை வளர்ந்து வருகிறது என்பது அவருடைய கணிப்பு. அந்தச் சிறுவர்களுக்கு அவர் முகம் வரையத் தேவையிருக்கவில்லை. கருப்பினச் சிறுவனின் முகத்தைப் படிக்கிறவர்களே போட்டுக்கொண்டார்கள். பல மாநிலங்கள் சிறுவர்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்கவும் தண்டிக்கவும் வழி செய்யும் சட்டங்களைக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய ஆண்டே, 1994இல், கிளிண்டன் கையெழுத்திட்ட குற்றச் சட்டம் புதிதாக ஒரு லட்சம் போலீஸ்காரர்களுக்கும் புதிய சிறைகளுக்கும் பணம் ஒதுக்கியிருந்தது.

கணிப்பு பலிக்கவில்லை. நடந்தது நேர்மாறு. 1991க்கும் 2014க்கும் இடையில் அமெரிக்காவின் வன்முறைக் குற்ற விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 9.8 என்பதிலிருந்து 4.4 ஆனது. நியூயார்க்கில் 2017இல் நடந்த கொலைகள் 300க்கும் குறைவு. டியூலியோவே பின்னாளில் தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் அந்தச் சொல்லை நம்பிச் சிறுவர்கள் பலரை உள்ளே தள்ளியிருந்தார்கள்.

குற்றம் குறைந்ததும் உரிமை கொண்டாட முதலில் வந்தது போலீஸ். 1994இல் நியூயார்க் மேயரான ரூடி ஜூலியானியும் அவர் நியமித்த போலீஸ் கமிஷனர் வில்லியம் பிராட்டனும் 'உடைந்த ஜன்னல்' கொள்கையைக் கையில் எடுத்தார்கள். ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இருவர் 1982இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் சொன்ன கருத்து அது. ஒரு ஜன்னல் உடைந்து கிடந்தால் கேட்பாரில்லை என்று மற்ற ஜன்னல்களும் உடையும். ஆகவே சின்னத் தப்பை அடக்கினால் பெரிய தப்பு நடக்காது. கூடவே 'காம்ப்ஸ்டாட்' என்ற கணினி முறையும் வந்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை குற்றம் என்று வரைபடத்தில் காட்டி, கூட்டத்தில் வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் முறை. தெருவில் இதற்கு அர்த்தம், டிக்கெட் எடுக்காமல் ரயிலேறியவனும் நடைபாதையில் குடித்தவனும் கைதாவது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜூலியானி பதவியேற்பதற்கு முன்பே அங்கே கொலைகள் குறையத் தொடங்கிவிட்டன.

அடுத்து, கனடாவைப் பாருங்கள். பக்கத்து நாடு. அமெரிக்கா 2008 வாக்கில் 23 லட்சம் பேரை சிறைகளில் அடைத்து வைத்திருந்தது. மக்கள்தொகையில் 13 சதவீதம் அளவே உள்ள கருப்பின மக்கள் சிறைவாசிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கனடா அப்படி சிறைகளை நிரப்பவில்லை, போலீசையும் அப்படிப் பெருக்கவில்லை. ஆனாலும் 1990களில் அங்கும் குற்றம் ஏறத்தாழ அதே வேகத்தில் குறைந்தது. குற்றவியல் அறிஞர் ஃபிராங்க்ளின் சிம்ரிங் 2006இல் வெளியிட்ட புத்தகத்தில் வைத்த முக்கியமான ஒப்பீடு இது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1995இல் உச்சத்தைத் தொட்ட குற்றம் அதன் பிறகு இறங்கியது. பல பணக்கார நாடுகளில் ஒரே காலத்தில் நடந்த ஒன்றுக்கு ஒரு நகரத்தின் கமிஷனர் எப்படிக் காரணமாக முடியும்? போலீசுக்கும் சிறைக்கும் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. போலீஸ் எண்ணிக்கை கூடியதில் ஓரளவு பலன் இருந்தது என்று கண்ட ஆய்வாளர்கள் உண்டு. கேட்ட விலைக்குச் சரக்கு இல்லை என்கிறேன்.

அந்த விலை என்ன தெரியுமா? 2011 என்ற ஒரே ஆண்டில் நியூயார்க் போலீஸ் 6,85,000 முறைக்கு மேல் தெருவில் ஆட்களை நிறுத்திச் சோதனை போட்டது. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் மீது எந்த வழக்கும் இல்லை. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைன்ட்லின், இது நடத்தப்படும் விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். நிறுத்தினால் கொலை பெருகும் என்று பயமுறுத்தினார்கள். 2014இல் சோதனைகள் 50,000க்கும் கீழே வந்தன. கொலைகள் கூடவில்லை, இன்னும் குறைந்தன. 2011இல் 515 கொலை, 2014இல் 333. சமூகவியலில் சோதனைக்கூடம் கிடையாது என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். சில சமயம் வரலாறு நடத்திக் காட்டிவிடுகிறது.

அப்படியானால் வேறு என்ன காரணம்?

பெட்ரோல் என்கிறார்கள் சிலர். 1920களில் அமெரிக்காவில் எஞ்சின் தட்டுவதைத் தடுக்கப் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்தது. ஈயம் மூளையைப் பாதிக்கும், கோபத்தையும் அவசரத்தையும் அடக்கும் திறனைக் குறைக்கும் என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற உண்மை. 1970களில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் 1990களில் வாலிப வயதுக்கு வந்தபோது குற்றம் இறங்கியது. ரிக் நெவின், ஜெசிக்கா ரேயஸ் என்ற இருவரின் ஆய்வுகள் இதைப் பேச வைத்தன. பின்னால் வந்த மறுஆய்வுகள் ஈயத்தின் பங்கு முதலில் சொன்ன அளவு பெரிதில்லை என்கின்றன. பெரிதோ சிறிதோ, யாருடைய குழந்தைகள் நெடுஞ்சாலை ஓரத்திலும் ஈயப் பெயின்ட் உதிரும் பழைய வீடுகளிலும் வளர்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி விஷம் வைத்தது, பழி பிறப்பின் மேல் விழுந்தது. இந்தியா ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது 2000இல்தான்.

1973இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானதால்தான் குற்றம் குறைந்தது என்று டோனஹியூ, லெவிட் என்ற இருவர் 2001இல் எழுதியது உலகப் புகழ் பெற்றது. 2005இல் அவர்களுடைய கணக்கில் பிழை இருப்பதை வேறு இருவர் கண்டுபிடித்தார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. ஏழைத் தாயின் வயிற்றிலேயே குற்றவாளியைத் தேடும் அந்தப் பார்வையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

எனக்கு அதிகம் நம்பிக்கை தரும் விளக்கம் கார் சாவி. கிரஹாம் ஃபாரெல், நிக் டில்லி, ஆண்ட்ரோமாக்கி செலோனி போன்றவர்கள் முன்வைப்பது. இம்மொபிலைசர் என்று ஒரு சின்னக் கருவி. சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அதன் குறியீடு பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும். ஒயரை உரசி வண்டியைக் கிளப்பும் வித்தை இதோடு முடிந்தது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2001 முதல், கனடாவில் 2007 முதல். நியூயார்க்கில் 1990இல் 1,40,000க்கும் மேல் திருடுபோன வண்டிகள், 2010களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் கீழ் வந்துவிட்டன. இந்த ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். பல சிறுவர்கள் குற்றத்துக்குள் நுழைந்த முதல் வாசலே கார் திருட்டுதான். வாசல் சாத்தப்பட்டதும் பலர் உள்ளேயே போகவில்லை. யாரையும் அடிக்கவில்லை, நிறுத்திச் சோதனை போடவில்லை, பட்டியல் எழுதவில்லை. பொருளைத்தான் திருத்தினார்கள்.

இதற்கும் வரலாறு ஒரு சோதனை வைத்தது. அமெரிக்காவில் இம்மொபிலைசர் சட்டப்படி கட்டாயம் இல்லை. மற்ற கம்பெனிகள் தாமாகவே வைத்தன. ஹூண்டாய், கியா கம்பெனிகள் அங்கே விற்ற 2015 மாடல் கார்களில் நான்கில் ஒன்றில்தான் அது இருந்தது. 2021 வாக்கில் அந்தக் கார்களை யுஎஸ்பி ஒயர் முனையை வைத்தே கிளப்பலாம் என்று டிக்டாக்கில் பரவியது. நகரம் நகரமாகத் திருட்டு வெடித்தது. சட்டம் இருந்த கனடாவில் அதே கம்பெனிகளின் கார்களுக்கு அந்தக் கதி வரவில்லை. இரண்டு நாட்டுச் சிறுவர்களின் ஒழுக்கத்தில் வித்தியாசமா?

பணம் கைமாறும் விதமும் சேர்ந்தே மாறியது. மிசௌரி மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவி காகிதத்திலிருந்து அட்டைக்கு மாறியபோது, தெருவில் ரொக்கம் குறைந்து, குற்றம் ஏறத்தாழ பத்து சதவீதம் இறங்கியது என்கிறது ஒரு ஆய்வு. செல்போன் வந்ததும் போதைப்பொருள் வியாபாரம் தெருமுனையை விட்டு நகர்ந்தது. முனைக்காக நடந்த சண்டைகள் குறைந்தன என்றும் ஒரு வாதம் உண்டு. கேமரா? நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கார் நிறுத்துமிடங்களில் நல்ல பலன், வன்முறையைத் தடுப்பதில் சொல்லும்படி ஒன்றுமில்லை என்கிறார்கள். தம்பி, உன் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

அதோடு, கொஞ்சம் குற்றம் இடமும் மாறியது. இங்கிலாந்தில் மக்களிடம் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பில் 2015இல் ஆன்லைன் மோசடியைச் சேர்த்தார்கள். மொத்தக் குற்ற எண்ணிக்கை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரிந்தது. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் 'குறைந்தது' என்ற சொல்லே. நம் நாட்டில் 1953 முதல் வெளிவரும் ஆண்டு அறிக்கை எஃப்ஐஆரை எண்ணுகிறது. எஃப்ஐஆரே போடாத வன்கொடுமை அதில் நடக்கவே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு மாவட்டத்தில் வழக்குகள் கூடினால் கொடுமை கூடியது என்று மட்டும் அர்த்தமில்லை. ஸ்டேஷன் வாசலில் நம் ஆட்கள் நகராமல் உட்கார்ந்திருந்ததும் காரணமாக இருக்கலாம். குறைந்தால் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசி முடித்திருக்கலாம்.

அதிகம் பேசப்படாத ஒரு காரணத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. பாட்ரிக் ஷார்கியும் அவருடைய சகாக்களும் 264 நகரங்களின் இருபதாண்டு விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு லட்சம் பேருக்குப் பத்து உள்ளூர் அமைப்புகள் கூடினால் கொலை விகிதம் ஒன்பது சதவீதம் குறைந்தது. பூங்காவைச் சுத்தம் செய்த பெண்கள், மாலை வகுப்பு எடுத்தவர்கள், போதையிலிருந்து மீட்டவர்கள். அந்த மக்களே தங்கள் தெருவைத் தாங்களே மீட்டார்கள். கொலை குறைந்ததால் கருப்பின ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ பத்து மாதம் கூடியது என்பதும் ஷார்கியின் கணக்கு. ஆகவே குற்றம் குறைவதில் நமக்கென்ன என்று நாம் ஒதுங்க முடியாது. சாகிறது நம் பிள்ளைகளும்தான். 2020இல் அங்கே கொலை ஒரே ஆண்டில் முப்பது சதவீதம் அளவுக்கு ஏறியபோது கேமராக்களும் போன்களும் முன்பைப் போலவே இருந்தன. பள்ளிகளும் இந்த மையங்களும்தான் பூட்டிக் கிடந்தன. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஆளைக் குறிவைக்கும் தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. அதில் ஒன்று இந்த மண்ணில்தான் செய்து பார்க்கப்பட்டது. உலகின் முதல் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். பெயர் வாங்கியது அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றி. 1901இல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணம் வரை விரிந்தபோது, பிறப்பால் குற்றவாளி என்று பட்டியலிடப்பட்ட சமூகங்களின் கைரேகையை எடுக்க அதிகாரம் தந்தது. குறவர் உட்படப் பல சமூகங்கள் அதில் சிக்கின. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் பதிவுக்கு மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் போனது. அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. சீர்மரபினரை அந்தப் பெயரில் குறிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் கண்டித்தது.

சிகாகோ போலீஸ் 2013 வாக்கில் கணினியை வைத்து, யார் சுடுவார், யார் சுடப்படுவார் என்று ஒரு பட்டியல் போட்டது. 2016இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது குறையவில்லை, கைதாவதுதான் கூடியிருந்தது. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். அங்கே கைவிட்ட சரக்கு இங்கே புதுப் பெட்டியில் வரும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதினேன்.

எங்கள் முனைக் கேமராவை யார் பார்க்கிறார்கள், பதிவு எத்தனை நாள் இருக்கும், ஊர்த் தெருவில் ஏன் இல்லை என்று மூன்று கேள்விகளோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். கேள்வி கேட்ட தம்பிதான் மனுவை எழுதினான். முப்பது நாள் வரும் வியாழக்கிழமையோடு முடிகிறது.